அயலாரை எவ்வாறு அழைக்கிறோம்?

இம்மாதப் பாடம் சொற்களைப் பற்றியது. இலக்கணப் பாடமோ என்று அஞ்ச வேண்டா. பெரட்டுக் களத்திலும் பால் ஸ்டோரிலும் கடை வாசலிலும் நாள்தோறும் நம் வாயில் புழங்கும் சில சொற்களை எடுத்துக்கொண்டு, அவை கேட்பவர் செவியில் எவ்வாறு விழுகின்றன என்று நோக்குவதே நம் கருத்து.

ஒரு தோட்டத்தில் நாம் கண்ட காட்சியிலிருந்து தொடங்குவோம். அன்று சம்பள நாள். தோட்டத்தை அடுத்த கம்பத்திலிருந்து முதியவர் ஒருவர் இரண்டு கட்டுப் பெத்தாய்க் காய்களையும் ஒரு புட்டித் தேனையும் எடுத்துக்கொண்டு லயத்திற்கு வந்திருந்தார். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அவரைக் கண்டதும் வீட்டுக்குள் ஓடி, “அம்மா, சக்காய் வந்திருக்கு!” என்று கூவினான். தாயார் வெளியே வந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணை நோக்கி, “இவன் என்ன வெல சொல்றான்னு கேளு” என்றார். முதியவர் காய்க்கட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு, “ஆறு வெள்ளி அம்மா” என்று தமிழிலேயே விடை கூறினார். இளமையில் நம்மவரோடு சேர்ந்து பால் வெட்டியவராம். ‘சக்காய்’, ‘வந்திருக்கு’, ‘இவன்’ ஆகிய மூன்றும் அவர் செவியில் விழுந்தே இருந்தன. அந்தத் தாயார் கெட்டவர் அல்லர். முதியவர் வெயிலில் வந்ததைக் கண்டு தேநீர் கொடுத்தவரும் அவரே. கை கொடுத்த மரியாதையை நா கொடுக்கவில்லை.

இதனை நாம் குற்றமாக எடுத்துக் கூறவில்லை. ஆனால், சொல்லால் பட்ட காயம் எத்தகையது என்பதைத் தோட்டப் பாட்டாளி மக்களுக்கு வேறொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘கூலி’ என்னும் சொல்லின் கதையை நினைத்துப் பார்ப்போம்.

கூலி என்பது நம் மொழியில் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். நேர்மையான சொல், இன்றும் அப்பொருளில் அதனை வழங்குவதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால், அச்சொல் வெள்ளையர் வாய்க்குப் போனபின் ஊதியத்தை விட்டு ஊதியம் பெறும் மனிதனையே குறிக்கலாயிற்று. (அச்சொல்லின் பிறப்பைக் குஜராத்திலுள்ள கோலி என்னும் இனத்தாரோடு இணைத்துக் கூறுவாரும் உளர், அவ்வழக்கை மொழிநூலாரிடம் விட்டுவிடுவோம்.) தமிழ்நாட்டிலிருந்து வந்தவரும் சீனாவிலிருந்து வந்தவரும் துறைமுகத்தில் இறங்கிய நாள்முதல் அந்த ஒரே பெயருக்குள் அடைக்கப்பட்டனர். குடியிருந்த வரிசை ‘கூலி லயம்’. மருந்து வாங்கிய இடம் ‘கூலி ஆஸ்பத்திரி’. ஊரும் பேரும் தாய் தந்தையும் உள்ள ஒரு மனிதர், கணக்குப் புத்தகத்தில் இத்தனை தலை என்று எண்ணப்பட்டார்.

ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது 1938இல் நின்றது. ஆயினும், பெயர் மட்டும் போகவில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தத்தைப் பற்றி மூத்தோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆர். எச். நாதன் அதன் தலைவர்களுள் ஒருவர். அவர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர். அவ்வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கூலி உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்குத் தக்க கல்வி இருந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது இருந்தது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வரும்போது தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

இதனைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வயிற்றுக்கு அரிசி போதாத காலம் அது. அந்நிலையிலும் அம்மக்கள் அரிசியை மட்டும் கேட்கவில்லை. மிதிவண்டியில் அமர்ந்தபடியே போகும் உரிமையையும் சேர்த்துக் கேட்டனர். ‘பெயரில் என்ன இருக்கிறது, மரியாதையில் என்ன இருக்கிறது, வயிறு நிறைந்தால் போதாதா’ என்று கேட்போருக்கு நம் பாட்டன்மார் அன்றே விடை கூறிவிட்டனர். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மரியாதையை எதிர்பார்த்து நின்றவர் வெள்ளைக்காரத் துரை மட்டும் அல்லர். கிராணிமாருள் யாழ்ப்பாணத்தாரும் கேரளத்தாரும் தமிழ்நாட்டாரும் இருந்தனர். தோலின் நிறம் ஒன்றாக இருப்பதால் மட்டும் வாயில் மரியாதை வந்துவிடுவதில்லை.

1954இல் ஐந்து சங்கங்கள் ஒன்றிணைந்து ஒரு பெருஞ்சங்கம் ஆனபோது, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் என்று பெயர் சூட்டிக்கொண்டது. ‘தொழிலாளர்’ என்பதே நாம் நமக்கு வைத்துக்கொண்ட பெயர். பிறர் வைத்த பெயருக்கும் தாமே வைத்துக்கொண்ட பெயருக்கும் இடையே உள்ள தொலைவு எத்தகையது என்பதை அந்த ஒரு சொல் காட்டும்.

நம் மொழியிலிருந்து கப்பலேறிப் போன இன்னொரு சொல்லும் உண்டு. பறை என்னும் இசைக்கருவியின் பெயரோடு தொடர்புடைய ஒரு சமூகத்தின் பெயர், ஆங்கிலத்தில் ‘ஊரால் ஒதுக்கப்பட்டவன்’ என்ற பொருளைப் பெற்றது. மலாய் மொழியிலோ தெருநாய்க்கு அடைமொழியாயிற்று. 1971இல் வெளிவந்த ‘இந்தர்லோக்’ என்னும் மலாய் நாவல் 2011இல் ஐந்தாம் படிவத்திற்குப் பாடநூலாக வந்தபோது, அச்சொல் அதில் இடம்பெற்றிருந்ததை இந்தியர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. அவ்வாண்டு முடிவதற்குள் அரசாங்கம் அந்நூலை மீட்டுக்கொண்டது. அன்று நம் சமூகம் முழுவதுமே புண்பட்டது உண்மை. ஆனால், சண்டை மூளும்போது சாதிப் பெயரை எடுத்து வசையாக வீசும் பழக்கம் நம் லயங்களில் அதன்பின் நின்றுவிட்டதா? புத்தகத்தில் அச்சானால் தீது, நம் வாயில் வந்தால் தீதன்று என்று ஒரு கணக்கு உண்டா? இதற்கு நாம் விடை எழுதப் போவதில்லை. படிப்போர் தத்தம் வீட்டுத் திண்ணையை நினைத்துக்கொள்ளட்டும்.

இனி, பெத்தாய் கொண்டுவந்த முதியவரிடம் திரும்புவோம்.

‘சக்காய்’ என்று நம்மவர் சொல்லும் சொல் மலாய் மொழியிலுள்ள ‘சாக்காய்’ என்பதன் திரிபு. அஃது ஓர் இனத்தின் பெயரே அன்று. பிறருக்குக் கட்டுப்பட்டவன், ஏவலாள், அடிமை என்னும் பொருளில் வழங்கியது. 19ஆம் நூற்றாண்டில் அடிமை பிடிப்போர் காட்டோரக் குடியிருப்புகளில் இரவில் புகுந்து, பெரியவர்களைக் கொன்று, பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய் விற்ற கொடுமை வரலாற்றில் பதிவாகியுள்ளது. பிடித்தவர்கள் பிடிபட்டவர்களுக்கு வைத்த பெயர் அது. அதன் பொருள் தெரியாமல்தான் நாம் வழங்குகிறோம். ஆனால், அந்த முதியவரின் பாட்டியார் தெரிந்தே கேட்டிருப்பார்.

அரசாங்கமும் நெடுங்காலம் அச்சொல்லையே எழுதிவந்தது. மாற்றம் எப்படி வந்தது என்பது சுவையான செய்தி. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், காட்டுக்குள் சென்ற கம்யூனிஸ்டுப் போராளிகள் அம்மக்களைச் ‘சாக்காய்’ என்று அழைக்கவில்லை. ‘அசல்’, அதாவது முதற்குடியினர், என்று அழைத்தனர். துப்பாக்கியைவிட அந்தச் சொல் அவர்களுக்குப் பல கம்பங்களின் கதவைத் திறந்தது. அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1954இல் பூர்வகுடியினருக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. 1960களில் ‘ஓராங் அஸ்லி’ என்பதே அரசாங்கப் பெயராக நிலைபெற்றது. ஓராங் என்றால் மனிதர். அஸ்லி என்றால் தொடக்கம் முதல் உள்ளவர். போரில் வெல்வதற்காகவேனும் ஒரு மக்களை மரியாதையாக அழைக்க வேண்டியிருந்தது! போர் முடிந்த பின்னும் அப்பெயர் நிலைத்தது என்பது நல்லதே.

‘ஓராங் அஸ்லி’ என்பதும் ஒரு பொதுப் பெயரே. தீபகற்ப மலேசியாவில் அப்பெயருக்குள் பதினெட்டுக் குழுவினர் அடங்குவர். 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி எல்லாருமாக ஏறத்தாழ 2 இலட்சம் பேர். பேராக்கின் மலையடிவாரங்களிலும் கேமரன் மலையிலும் செமாய் மக்கள் வாழ்கின்றனர். பேராக், கிளந்தான் உள்நாட்டில் தெமியார். சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் தெமுவான். பகாங்கிலும் ஜொகூரிலும் ஜக்குன். சிலாங்கூரின் கேரித் தீவில் பரந்த தோட்டங்களுக்கு நடுவே மாஹ் மெரி மக்களின் கம்பங்கள் உள்ளன. அவர்களுடைய மரச்சிற்பங்களும் முகமூடிகளும் உலகப் புகழ் பெற்றவை. ஆதலால், ‘காட்டுவாசி’, ‘மலைவாசி’ என்பன மரியாதைக் குறைவானவை என்பது ஒருபுறம் இருக்க, பொருளாலும் பிழையானவை. ஜொகூர்க் கரையோரத்தில் வாழும் ஓராங் செலத்தார் கடலை நம்பிப் பிழைக்கும் மக்கள். செமாய், தெமுவான் குடும்பங்கள் பல சொந்த ரப்பர்க் காணியில் நம்மைப் போலவே விடியற்காலையில் உளி பிடித்துப் பால் வெட்டுகின்றன. கேமரன் மலைத் தொகுதியில் 2019 சனவரியில் நடந்த இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குச் சென்ற ரம்லி முகமட் நோர், தேர்தலில் வென்று அவ்வவையில் அமர்ந்த முதல் ஓராங் அஸ்லி ஆவார். 2022இல் அவர் அவையின் துணைச் சபாநாயகரும் ஆனார். சபா, சரவாக்கின் பூர்வகுடியினரை ‘ஓராங் அஸ்லி’ என்பதில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம். அவர்களுக்கு ஈபான், கடாசான் முதலிய சொந்தப் பெயர்கள் உண்டு.

பெயரை அவரவரிடமே கேட்டறியாவிட்டால் நேரும் வேடிக்கைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பதினெட்டுக் குழுக்களுள் ஒன்று பகாங்கில் வாழும் ‘சே வோங்’. ஆங்கிலேயர் காலத்தில் வனவிலங்குத் துறையில் வேலை பார்த்த ஒரு மலாய்க்கார ஊழியரின் பெயரைக் குழுவின் பெயர் என்று தவறாக எழுதிக்கொண்டதால் வந்தது அது என ஆய்வாளர் கூறுவர். யாரோ ஒருவரின் பெயர் ஒரு மக்களின் தலைமேல் ஏறி அமர்ந்துவிட்டது! ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தப் பிழை நேர்ந்திராது. இவ்வாறே, பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியரை இந்நாட்டில் ‘வங்காளி’ என்று அழைக்கும் வழக்கம் பரவியது; அவர்கள் வங்காளத்துக் கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறினர் என்பதற்காக. நாகப்பட்டினத்தில் ஏறியவரையெல்லாம் ‘நாகப்பட்டினத்தார்’ என்று அழைத்தால் சேலத்துக்காரர் ஒப்புவாரா?

ஆகவே, பக்கத்துக் கம்பத்தாரைப் பற்றிப் பேசும்போது தெரிந்தால் அவர்தம் குழுப் பெயரைச் சொல்லலாம்: ‘தெமுவான் பெரியவர் வந்திருக்கிறார்’. தெரியாவிட்டால் ‘ஓராங் அஸ்லி’ எனலாம். தமிழில் எழுதும்போது ‘பூர்வகுடி மக்கள்’ என்பதும் பொருந்தும். வயதில் மூத்தவரை மலாயில் ‘பாக் சிக்’, ‘மாக் சிக்’ என்று அழைப்பது வழக்கம். தெமுவான் கம்பத்துத் தலைவரைத் ‘தோக் பாத்தின்’ என்று அழைக்க வேண்டும். பாத்தின் என்பது அவர்களிடையே தலைமைப் பட்டம். எல்லாவற்றினும் எளிது, அவர் பெயரைக் கேட்டு அப்பெயரால் அழைப்பது.

ஆனால், பெயரை மாற்றிவிட்டால் மட்டும் போதுமா? ‘ஓராங் அஸ்லி வந்திருக்கு’ என்று சொன்னால் பாதிக் கிணறு தாண்டியது போலத்தான். நம் மொழியில் மரியாதையின் பெரும்பகுதி பெயரில் இல்லை. வினைமுற்றின் வாலில் இருக்கிறது. வந்தான், வந்தார், வந்தது: மூன்றும் ஒரே செயல், கடைசி எழுத்துகளில் ஒரு மனிதரின் தரத்தையே தீர்மானித்துவிடுகிறோம். மலாய் மொழியில் ‘டாத்தாங்’ என்ற ஒரே சொல் எல்லாருக்கும் வரும். தமிழர்க்கு அந்தத் தப்பித்தல் இல்லை.

இலக்கண நூலார் பொருள்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பிரித்தனர் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. நன்னூலார் உயர்திணைக்குள் யார் யாரை வைத்தார் என்று கவனித்தால் வியப்பாக இருக்கும். மக்களை வைத்தார், தேவர்களை வைத்தார், அவர்களோடு நரகத்தில் கிடப்பவரையும் சேர்த்து வைத்தார். பாவம் செய்து நரகில் விழுந்தவனுக்கும் இலக்கணத்தில் ‘அவன்’ என்னும் இடம் உண்டு. ‘அது’ என்று சொல்லக்கூடாது. நாமோ, ஒரு பாவமும் செய்யாத அயலாரைப் பற்றி, ‘அதுங்களுக்கு என்ன தெரியும்?’, ‘அதுங்க அப்படித்தான்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். (கைக்குழந்தையை ‘அது தூங்குகிறது’ என்பது வேறு, அஃது அன்பு. வளர்ந்த மனிதரை அவ்வாறு சொல்வதில் அந்த அன்பு இல்லை என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.) செமாய், தெமியார் மொழிகளில் ‘செனோய்’ என்னும் சொல்லுக்குப் பொருள் ‘மனிதர்’ என்பதாகும். தம்மை மனிதர் என்று சொல்லிக்கொள்ளும் மக்களை நாம் நம் மொழியில் அஃறிணைக்குத் தள்ளிவிடுகிறோம்.

ஒருவரையே பன்மையால் ‘அவர்’ என்று உயர்த்திச் சொல்வதைப் பற்றித் தொல்காப்பியர் ஒரு செய்தி கூறுகிறார். அது நூல் வகுத்த இலக்கணம் அன்றாம். மக்கள் வழக்கில் எழுந்த உயர்வுச் சொல்லாம். இது நமக்கு ஊக்கம் தரும் செய்தி. மரியாதையைப் புலவர் யாரும் சட்டமாக்கித் தரவில்லை. தெருவிலும் வயலிலும் பேசிய மக்களே அதனை உண்டாக்கினர். அவர்கள் உண்டாக்கியதை லயத்தில் பேசும் மக்கள் இன்னும் நாலு பேருக்கு நீட்டிக்கவா முடியாது?

உடற்குறை உள்ளவர்களை அழைக்கும் முறையும் இவ்வாறானதே. தோட்டங்களில் ஒருவர் பெயருக்கு முன்னால் ‘நொண்டி’, ‘செவிடு’, ‘ஒத்தக்கண்ணு’ என்று ஒட்டிவிட்டால் அது சுடுகாடு வரை போகும். அதே பெயருடைய இருவரைப் பிரித்தறிய வேண்டும் என்பது நாம் சொல்லும் காரணம். அப்படியானால், ‘ஆறாம் லயத்து மாரிமுத்து’, ‘எண்ணெய்க்கடை மாரிமுத்து’ என்று பிரிக்க முடியாதா? மலாயில் முன்பு ‘ஓராங் சாச்சாட்’, அதாவது பழுதுடையோர் என்றனர். இன்று ‘ஓராங் கூராங் உப்பாயா’ என்பது வழங்குகிறது. 2008ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டமும் அப்பெயரையே தாங்கியது. நம் நாட்டுத் தமிழில் ‘உடற்பேறு குறைந்தோர்’ என்கிறோம். தமிழ்நாட்டு அரசு 2010இல் ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லை ஏற்றது. அதுவும் இங்கே பரவிவருகிறது.

இவ்விடத்தில் ஒரு நியாயமான ஐயம் எழலாம். இறந்தாரைத் ‘துஞ்சினார்’ என்பது போல, கசப்பானதை இனிப்பான சொல்லால் மூடும் மங்கல வழக்குத்தானே இது? பெயரை அழகாக வைத்துவிட்டு, சாய்தளம் இல்லாத படிக்கட்டை அப்படியே விட்டுவிட்டால் யாருக்கு என்ன பயன்? ஐயம் சரியே. படிக்கட்டு மாறாமல் பெயர் மட்டும் மாறினால் அது பூச்சு வேலைதான். ஆனால், ‘நொண்டி’ என்று கூப்பிட்டுப் பழகியவர் சாய்தளம் கட்ட வேண்டும் என்று எண்ணியதையும் நாம் கண்டதில்லை. ‘ஊமை’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். காது கேளாதார் பலர் கைச்சைகையால் முழுமையாகப் பேசுகின்றனர். மேற்கண்ட 2008ஆம் ஆண்டுச் சட்டம், மலேசியச் சைகை மொழியைக் காது கேளாதாரின் அதிகாரத்துவ மொழியாக ஏற்றிருக்கிறது. மொழி உடையவரை ஊமை என்பது மரியாதைக் குறைவு மட்டும் அன்று, பொய்யும் ஆகும். அவர் பேசுகிறார்; நமக்குத்தான் புரியவில்லை.

இறுதியாக, நம் லயங்களுக்குள்ளேயே வந்துவிட்டவர்களைப் பற்றிச் சில சொற்கள். நம் பிள்ளைகள் பலர் தோட்டத்தை விட்டு நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். அவர்கள் பிறந்த வீடுகளில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் குடியிருக்கின்றனர். அதே உளி, அதே வாளி, அதே விடியற்காலை. கடன் வாங்கி, கப்பலுக்குப் பதில் விமானம் ஏறி, ஊரில் தாய்க்குப் பணம் அனுப்பும் கதையும் அதே கதை. அவர்களை ‘இந்தோன்’ என்றும் ‘பங்களா’ என்றும் கூப்பிடுகிறோம். ‘இந்தோன்’ என்னும் சுருக்கம் தம்மை இழிவுபடுத்துவதாக இந்தோனேசியர் வருந்தியதால், 2007ஆம் ஆண்டில் தகவல் அமைச்சு அச்சொல்லை வழங்க வேண்டா என ஊடகங்களுக்குப் பணித்தது. நாளிதழ்கள் விட்டுவிட்டன, நம் நாக்கு விடவில்லை. ‘பங்களா’ என்பதன் கதை இன்னும் விந்தையானது. வங்காளத்து மாதிரியில் கட்டிய வீட்டுக்குத்தான் முதலில் பங்களா என்று பெயர் வந்தது. துரை குடியிருந்தபோது அந்தச் சொல்லை எவ்வளவு பணிவோடு சொன்னோம்! அதே வங்காளத்திலிருந்து ஒரு தொழிலாளர் வந்து நிற்கும்போது அச்சொல் எப்படி ஏளனமாகிவிட்டது?

ருக்குன் நெகாரா 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. அதன் ஐந்தாம் கோட்பாடு நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பேணுவது. எந்தப் பிரிவினரின் உள்ளமும் புண்படும்படி செருக்கோடு நடந்துகொள்ளக்கூடாது என்று அதன் விளக்கம் கூறுகிறது. பள்ளிக் கூட்டத்தில் பிள்ளைகள் அதனை ஒப்பிக்கின்றனர். வீட்டுக்கு வந்ததும் நம் வாயிலிருந்து அவர்கள் கற்பது வேறாக இருந்தால், எது அவர்கள் மனத்தில் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘சக்காய் வந்திருக்கு’ என்று கூவிய அந்தச் சிறுவன் அச்சொல்லைப் பள்ளியில் கற்றிருக்க முடியாது.

தொடங்குவதற்கு ஓர் இடம் சொல்வதானால், பெரட்டுப் புத்தகத்தைச் சொல்வோம். பல தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளரின் பெயர் அதில் சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. கடப்பிதழைப் பார்த்து எழுதியது. ஆனால், மண்டோர் களத்தில் நின்று கூப்பிடும்போது, ‘டேய் பங்களா’, ‘ஏய் நேப்பாளி’ என்றே குரல் எழுகிறது. நாம் சென்று வந்த ஒரு தோட்டத்தில் வயதான மண்டோர் ஒருவர் வேறு வழி கண்டிருந்தார். தம் பேரனிடம் புத்தகத்தைக் கொடுத்து, ஒவ்வொரு பெயரையும் தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே எழுதச் சொல்லி, இரவில் உரக்கப் படித்துப் பழகியிருக்கிறார். முதல் நாள் காலையில் அவர் கூப்பிட்ட பெயர்களுள் பாதி தவறாக ஒலித்தனவாம். வரிசையில் நின்ற இளைஞர்கள் சிரித்திருக்கிறார்கள்; ஆனால் ஒவ்வொருவரும் தம் பெயர் வந்தபோது, அதனை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் திருத்திச் சொல்லிவிட்டே வேலைக்காட்டுக்குப் போயிருக்கிறார்கள்.